செத்தவீட்டுக் கசற்றில் அழுகை இல்லை

செத்தவீட்டு வீடியோவில் அழுகை போதாது என்று முறைப்பாடு கொண்டுவந்த முதல் ஆள் றோசலின் அன்ரிதான்.

அதுவரை நிரூபாவிடம் வந்த முறைப்பாடுகளெல்லாம் கலியாணக்காரருடையவை. மோதிரம் மாற்றும் நேரத்தில் யாரோ இருமுகிறார், சித்தப்பாவின் வாழ்த்துரையை அரைவாசியாக்க முடியுமா, இப்படி. கிழமை நாட்களில் அவள் ஒரு காப்புறுதிக் கம்பனியில் ஊராரின் பிறந்த திகதிகளைக் கொம்பியூட்டரில் ஏற்றினாள். சனி, ஞாயிறுகளில் சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியொன்றில், பதினாறாம் மாடியிலிருந்த தன் அறையில், அன்புராசாவின் வீடியோக் கடையிலிருந்து வரும் கசற்றுகளுக்குச் சத்தம் திருத்தினாள். ஆளோடு ஆள் பேசத் தேவையில்லாத வேலை என்பதால் அது அவளுக்குப் பிடித்திருந்தது.

போன வருடம், தொண்ணூற்றெட்டில், அவளுடைய கொம்பியூட்டருக்குள் சாம்பிளர் என்றொரு மென்பொருள் குடிவந்தது. எந்தச் சத்தத்தைக் கொடுத்தாலும் அதை வாங்கி இசைக் கீபோர்ட்டின் கட்டைகளில் பரப்பி வைக்கும். பிறகு அதை இழுக்கலாம், நசுக்கலாம், ஆளை அடையாளம் தெரியாமல் ஆக்கலாம். குளிர்பெட்டிக் கதவின் முனகலைக் கொண்டு அவள் ஒரு தேவாலய ஓர்கன் செய்திருந்தாள். ஒரு ஞானஸ்நான வீடியோவில் அது ஒலித்தபோது மூன்று பேர் பயபக்தியோடு சிலுவை போட்டார்களாம். அன்புராசா சொன்னான்.

இப்போது அவளுடைய கட்டிலில் றோசலின் அன்ரியும், இருந்த ஒரே கதிரையில் அவருடைய கணவர் இராஜரட்ணமும் இருந்தார்கள். அஜக்ஸ் நகரிலிருந்து காரில் வந்திருந்தார்கள்.

"மூண்டு மணித்தியாலக் கசற், பிள்ளை. ஒருத்தரும் அழேல்லை. பாதர் தும்மினார். இவர் நித்திரை."

"நான் கண்ணை மூடிச் செபிச்சுக்கொண்டு இருந்தனான்" என்றார் இராஜரட்ணம்.

"ஓம், குறட்டையோடை செபம்."

செத்தது இராஜரட்ணத்தின் தாய். ஏழு வருடம் அன்ரியின் வீட்டில், அன்ரியின் கையால் சாப்பிட்டு, அன்ரியின் கையால் குளித்துப் போன மனுசி. மகள்மார் இருவர்: கிளடிஸ் லண்டனில், எமில்டா பாரிஸில். இரண்டு பேருக்கும் விசா சரிவராததால் தாயின் முகத்தை வீடியோவில்தான் பார்க்கப் போகிறார்கள்.

"அவையள் தாயைப் பார்க்கக் கசற் கேக்கேல்லை. நான் அழுதனானோ எண்டு பார்க்கத்தான்" என்றார் அன்ரி. "ஏழு வருசமா ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுத்து, 'மச்சாள், அம்மாவை வடிவாப் பார்க்கிறியளோ' எண்டு கேட்டவை. நான் பெட்டிக்குப் பக்கத்திலை கல்லு மாதிரி நிக்கிறதைக் கண்டால், ஏழு வருசமும் கல்லாத்தான் இருந்தனான் எண்டு தீர்ப்பு எழுதிப்போடுவினம். சாகும்வரைக்கும் எனக்கு அந்தப் பேர்தான்."

"உங்களுக்கு அழுகை வரேல்லையோ, அன்ரி?"

"வந்திருந்தால் உன்னட்டை ஏன் வாறன்?"

நியாயமான பதில். நிரூபா மைக்கை எடுத்து அன்ரியின் முகத்துக்கு முன்னால் வைத்தாள். அன்ரி தொண்டையைச் செருமினார், சீலைத் தலைப்பைச் சரிசெய்தார், "ஐயோ மாமி" என்றார். பஸ் தரிப்பைத் தாண்டிவிட்டதென்று சாரதியிடம் சொல்வதுபோல இருந்தது. இரண்டாம் தரம் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாம் தரம் இராஜரட்ணத்துக்கும் வந்தது.

"போதும்" என்றாள் நிரூபா. "ஒரு 'ஐயோ' காணும்."

திரையில் அந்த ஐயோவுக்கு ஒரு கோடு இருந்தது. சத்தம் எப்படி ஏறுகிறது, எங்கே தளர்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எப்படிப் போய் முடிகிறது என்று நாலு புள்ளிகள். என்வலப் என்பார்கள். நிரூபா முதல் புள்ளியைப் பின்னுக்கு இழுத்தாள். ஐயோ தயங்கித் தயங்கி, தொண்டையில் எதையோ தள்ளிக்கொண்டு வந்தது. கடைசிப் புள்ளியை நீட்டினாள். முடிய மனமில்லாமல் தேய்ந்தது. பிறகு ஃபில்ற்றரை மூடிக் குரலின் கூர்மையை மழுக்கினாள். கைலேஞ்சிக்குள் முகம் புதைத்த பெண் ஒருத்தி அறைக்குள் வந்துவிட்டாள். கீபோர்ட்டில் பக்கத்துக் கட்டைகளையும் சேர்த்து அழுத்தினாள். மூன்று பெண்கள்.

கண்ணயர்ந்திருந்த இராஜரட்ணம் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "ஆர் செத்தது?"

"உங்கடை அம்மா. படுங்கோ" என்றார் அன்ரி. அவருடைய முகம் மலர்ந்திருந்தது. "இன்னும் கொஞ்சம் கூட்டு பிள்ளை. கிளடிஸுக்கு ஒரு காது மந்தம்."

"கூட்டினால் கள்ளம் தெரியும், அன்ரி."

ஏற்கனவே தெரிந்தது. வீடியோவோடு சேர்த்துப் போட்டபோது அழுகை தனியாக, வேறு வீட்டிலிருந்து கேட்பதுபோல நின்றது. அதற்கு அடியில் செத்தவீடு நடந்த மண்டபத்தின் இரைச்சலையே விரிக்க வேண்டும். நிரூபா கசற்றின் தொடக்கத்துக்குப் போனாள். சனம் வருவதற்கு முன்னரே அன்புராசா கமெராவைச் சவப்பெட்டியின் தலைமாட்டில் ஓட வைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போயிருந்தான். படத்தில் அன்ரியின் முதுகு மட்டும். சத்தத்தில் ஹீற்றரின் உறுமல் மட்டும்.

அதில் ஒரு துண்டைச் சாம்பிளருக்குள் போட்டு, இந்த முறை ஃபில்ற்றரை மறுபக்கம் திருப்பினாள். உறுமலின் அடிப்பாகம் கழன்று விழுந்தது. மேலே மிஞ்சியதில் யாரோ பேசினார்கள். அவள் இன்னும் திருப்பினாள்.

"...மூஞ்சையை நீட்டாதேங்கோ மாமி. நீலச் சீலை சாயம் போட்டுது, நான் என்ன செய்ய? உதுதான் கிடந்தது. பல்லுச்செற் பூட்டச் சொல்லி மண்டபக்காரரிட்டைக் குடுத்தனான், வாயை வடிவா மூடிக்கொண்டு கிடவுங்கோ. வியாழக்கிழமை மருந்துக் குளிசையைத் தலகாணிக்குக் கீழை ஒளிச்சு வைச்சனீங்கள் என்ன? நான் காணமாட்டன் எண்டு நினைச்சனீங்களோ? கண்டனான். காலமை கட்டில் விரிப்பு மாத்தேக்கை கண்டனான். ஒரு சொல்லுக்கு ஒம்பது சொல்லுச் சொல்லுற வாய். இப்ப சொல்லுங்கோவன் பாப்பம்."

பிறகு ஹீற்றர். அன்ரியின் முதுகு அசையவில்லை. நிரூபா கடிகாரத்தைப் பார்த்தாள்: பதினொரு செக்கன். அதற்குப் பிறகுதான் முதுகு திரும்பிப் போனது.

நிரூபா கீபோர்ட்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அழி உதை" என்றார் அன்ரி. காது நுனிவரை சிவந்திருந்தது. "செத்த சனத்தோடை சண்டை பிடிச்சவள் எண்டு லண்டன் முழுக்கக் கதைப்பினம். அழி பிள்ளை!"

"விடும்" என்றார் இராஜரட்ணம்.

"என்னத்தை விடுறது?"

"உதை அப்பிடியே விடும். அந்த அழுகிற மனுசி ஆரெண்டே எனக்குத் தெரியாது. என்ரை வீட்டிலை ஏழு வருசமாக் கேட்டது உந்தச் சத்தந்தான்."

"உங்களுக்கு விசர்."

ஆனால் அன்ரி எழும்பவில்லை. அழுகையை ஒருமுறை போடச் சொன்னார். கேட்டார். ஏச்சை ஒருமுறை போடச் சொன்னார். அதையும் கேட்டார். தலகாணி வந்த இடத்தில், "பொல்லாத மனுசி" என்று திரையைப் பார்த்துச் சொன்னார்.

"உதையே அனுப்புவம்" என்றார் கடைசியில். "ஏசினால் ஏசட்டும்."

"ஏச்சுக்குப் பிறகு சும்மா கிடக்கிற துண்டை வெட்டவோ, அன்ரி? ஒண்டும் கேக்காது."

"அதை வெட்டாதை."

அன்புராசா கசற்றை ஐரோப்பிய வீடியோ டெக்குகளில் ஓடும்படி மாற்றி, முதலில் கிளடிஸுக்கு அனுப்பினான். மூன்று கிழமை கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம் அன்ரி நிரூபாவுக்குப் போன் எடுத்தார்.

"கிளடிஸ் கதைச்சவள். முதல்நாள் எடுத்து என்னைக் கிழிச்சுப்போட்டாள். 'பெட்டிக்குள்ளை வைச்சும் அம்மாவை நிம்மதியா விடேல்லையோ' எண்டு. நான் போனை வைச்சிட்டன்."

"பிறகு?"

"நேற்றுத் திரும்ப எடுத்தாள். 'மச்சாள், நாலு தரம் போட்டுப் பார்த்தன். நீங்கள் அவ்வளவு சொல்லியும் அம்மா ஒரு சொல்லுத் திருப்பிச் சொல்லேல்லை. அந்த இடத்திலைதான் அவ உண்மையாச் செத்துப்போனா எண்டு எனக்கு விளங்கினது' எண்டாள். பிறகு குழறி அழத் தொடங்கியிட்டாள். போன்காட் காசு முடியுமட்டும் குழறினாள்."

"நீங்கள்?"

"எனக்குத் தடிமன்" என்றார் அன்ரி. அந்தப் பக்கத்தில் மூக்குச் சீறும் சத்தம் கேட்டது.

"பிள்ளை, எமில்டாவுக்கு இன்னும் கசற் போகேல்லை. அவள் கிளடிஸ் மாதிரியில்லை, பொல்லாதவள். நீ செய்து வைச்ச அந்த அழுகையை அழிச்சுப்போடாதை, என்ன?"