நாற்பத்து மூன்று ஜோன்சன்கள்

ரொறன்ரோவில் றொனால்ட் ஜோன்சன் என்ற பெயரோடு ஒருவனைத் தேடுவது எவ்வளவு பெரிய விசர்வேலை என்பது, தேடத் தொடங்கிய பிறகுதான் ஜோன்சனுக்கு விளங்கியது. தேடப்படுகிறவன் அவருடைய ஒரே மகன். ஆறு வருடங்களுக்கு முன் வீட்டை விட்டுப் போனவன்.

மகனின் பெயருக்குப் பின்னால் ஜோன்சன் வந்தது நம்முடைய வழக்கப்படிதான். தகப்பனின் பெயர் பிள்ளைக்கு, தகப்பனுக்கு அவருடைய தகப்பனின் பெயர். இவர் ஜோன்சன் சவரிமுத்து. மகன் றொனால்ட் ஜோன்சன். மனைவி மக்டலீன் அருள்நாயகம். ஒரே வீட்டுக்குள் மூன்று குடும்பப் பெயர்கள். யாழ்ப்பாணத்துப் பாசையூரில் இதை யாரும் ஏன் என்று கேட்டதில்லை. சவரிமுத்தர் கொழும்புத் துறைமுகத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரைக்குக் கீழே வேலை செய்தவர். அந்தத் துரையின் மேலிருந்த நன்றியில் பிள்ளைக்கு ஜோன்சன் என்று ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். துரைக்கு அப்படி ஒரு பிள்ளை பிறந்ததே தெரியாது.

கனடாவுக்கு வந்தபின் அந்தப் பெயர் ஒரு யோகமாகப் பட்டது. சொந்தக்காரப் பிள்ளைகளின் பெயர்களை ஆசிரியர்கள் முறித்து முறித்து வாசிக்கும்போது, றொனால்டின் பெயரை ஒரே மூச்சில் கூப்பிட்டார்கள். “உவனுக்கு இன்ரவியூ தானா வரும் பாருங்கோ” என்று ஜோன்சன் கலியாண வீடுகளில் சொல்லித் திரிந்தார்.

அந்தப் பெயரின் பூர்வீகத்தை அவர் நூலகத்தில் ஒரு சனிக்கிழமை வாசித்து அறிந்தார். ஜோனின் மகன் ஜோன்சன். நம்முடைய யோவான்தான் அவர்களுக்கு ஜோன். இங்கிலாந்தில் அந்தக் காலத்தில் ஊருக்குப் பத்து ஜோன் இருந்தார்களாம். வெள்ளைக்காரனும் அப்போது நம்மைப் போலத்தான், தலைமுறைக்குத் தலைமுறை தகப்பன் பெயரை மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறான். பிறகு அறுநூறு எழுநூறு வருடங்களுக்கு முன், வரிக்காரனும் காணி எழுதுகிறவனும் பேரேட்டில் எழுதியது எழுதியபடி நின்றுவிட்டது. ஜோன் செத்து மண்ணாகியும் அவனுடைய மகன்கள் இன்னும் முடியவில்லை. வாசித்து முடித்ததும் ஜோன்சனுக்கு மனம் விட்டுப் போனது. இந்தக் கூட்டத்துக்குள் போய் ஒருவன் நின்றுகொண்டால் யார் கண்டுபிடிப்பது?

அதைவிட வேறொரு பயமும் அவரை அரித்தது. றொனால்ட் படிப்பைப் பாதியில் விட்டு, குடித்து, காரையும் கொண்டுபோய் மோதிவிட்டு வந்த நாளில் அவர் வாசலில் நின்று சொன்னது ஒரே ஒரு வசனம்.

“உப்பிடித் திரியிறதெண்டால் என்ரை பேரைக் கழட்டி வைச்சிட்டுப் போ.”

மகன் குனிந்து சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனான். சொன்னபடியே பெயரை மாற்றிவிட்டான் என்றால் இந்தத் தேடலே வீண். அதற்காகவே அவன் மாற்றியிருக்கக் கூடாது என்று மாதாவிடம் மன்றாடினார். பொலிசுக்கும் போகவில்லை. மானம் போய்விடும் என்று, பிள்ளைக்குத் தூர மாகாணமான அல்பேர்ட்டாவில் வேலை என்று ஊருக்குச் சொல்லி வைத்திருந்தார். அந்தப் பொய்யைக் காப்பாற்றியே நான்கு வருடங்கள் கழிந்தன. மக்டலீன் அவரைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

ஐந்தாம் வருடம் இணையத்தில் தேடிப் பட்டியல் போட்டார். தொலைபேசியில் கூப்பிட்டால், இவருடைய ஆங்கிலத்தைக் கேட்டதும் மோசடிக்காரன் என்று போனை வைத்துவிட்டார்கள். அதனால் சனிக்கிழமைகளில் தங்கள் வீடு இருந்த டோர்செட் பார்க்கிலிருந்து காரை எடுத்துக்கொண்டு நேரே கதவுகளைத் தட்டினார். பல் வைத்தியர் ஒருவர், பஸ் ஓட்டுநர் ஒருவர், பால்குடி மறவாத குழந்தை ஒன்று. எல்லாரும் றொனால்ட் ஜோன்சன்கள்.

மில்லிக்கன் பகுதியில் ஒரு வீட்டின் கதவைத் திறந்தவர் யமேக்காவைச் சேர்ந்த ஒரு பெரியவர். எண்பது வயதிருக்கும். றொனால்ட் ஜோன்சனின் தகப்பன் நான் என்று இவர் சொன்னதும் அவர் குலுங்கிச் சிரித்தார். றொனால்ட் ஜோன்சன் நான்தான், என்னுடைய தகப்பன் 1971ஆம் ஆண்டிலேயே செத்துப் போய்விட்டாரே என்றார். பிறகு இவருடைய முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கி, உள்ளே கூப்பிட்டு இருத்தித் தேத்தண்ணி தந்தார்.

தங்கள் ஜோன்சன் எந்த யோவானுக்கும் பிறந்ததில்லை என்று பெரியவர் சொன்னார். கரும்புத் தோட்டத்தில் அவருடைய முப்பாட்டனை அடிமையாக வைத்திருந்தவனின் பெயர் அது. மாட்டுக்குக் குறி சுடுவதுபோலப் போட்டது, கழுவியும் போகவில்லை. தன்னுடைய ஜோன்சனும் ஒரு துரையிடமிருந்து வந்ததுதான் என்று சொல்ல ஜோன்சனுக்கு வெட்கமாக இருந்தது. பேச்சை மாற்றி, மகனுக்கு வரும் ஒக்டோபரில் முப்பது வயது என்றார்.

பெரியவர் கோப்பையை வைத்தார். எந்தத் திகதி என்று கேட்டார். பதினேழு என்றதும் மெல்ல எழுந்து அடுப்படிக்குள் போய், சுவரில் மாட்டியிருந்த கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து மார்ச் மாதத்துக்குப் புரட்டினார். ஒரு கட்டத்துக்குள் பென்சிலால், நடுங்கிய எழுத்தில் எழுதியிருந்தது: றொனால்ட் ஜோன்சன், 17 ஒக்டோபர் 1995.

அன்று ஏதோ ஒரு அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டிருக்கிறாள். வாடகை அறையில் ஒரு பொடியன் தூக்கத்திலேயே இறந்து கிடந்தான், சட்டைப் பையில் ஒரே ஒரு அடையாள அட்டை, உரித்துக்காரர் யாரும் இல்லை, நீங்கள் சொந்தமா என்று கேட்டாள். இல்லை என்று இவர் சொல்லியிருக்கிறார். நகரத்தில் நாற்பத்து மூன்று ஜோன்சன்களைக் கூப்பிட்டுவிட்டேன், ஒருவருக்கும் அவனைத் தெரியவில்லை என்று அவள் சலித்துக்கொண்டாளாம்.

“என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. என் பெயர்க்காரனை ஒருவரும் இல்லாமல் குழிக்குள் இறக்குவதா? போனேன். அவன் என்ன சமயம் என்று தெரியாது. எனக்குத் தெரிந்த செபத்தைச் சொன்னேன்” என்றார் பெரியவர்.

அவள் கூப்பிட்ட அந்த மார்ச்சில் ஜோன்சனும் வீட்டில்தான் இருந்தார், கையில் தொலைபேசியோடு, வேறு ஜோன்சன்களைக் கூப்பிட்டுக்கொண்டு. அவருடைய மணி அடிக்கவில்லை. பட்டியல்களில் அவர் சவரிமுத்து.

கலண்டரை இரண்டு கையாலும் பிடித்தபடி அவர் இருந்தார். பென்சில் எழுத்தின் மேல் விரல் போனது. முதல் சொல்லைத் தாண்டி இரண்டாவது சொல்லில் நின்றது.

“அவன் பேரை மாத்தேல்லை” என்றார்.

என்ன சொன்னாய் மகனே என்று பெரியவர் குனிந்து கேட்டார். அதை ஆங்கிலத்தில் சொல்ல ஜோன்சனுக்குத் தெரியாமலில்லை. கலண்டரை அவர் பக்கம் திருப்பி, அந்த இரண்டாவது சொல்லை விரலால் தொட்டுக் காட்டினார்.