தொட்டிலின் மேல் ஒரு கை

“ஓரம்னா எது ஓரம்? ஸ்ட்ரெச்சர் போற வழி இது.”

“சுவரோட ஒட்டி வச்சுடறேன் அக்கா. யாருக்கும் இடிக்காது.”

“உள்ள கம்பி போட்ட கட்டில் இருக்கு, புது மெத்தை இருக்கு. ஆஸ்பத்திரிக்கு யாராவது தொட்டிலைத் தூக்கிட்டு வருவாங்களா?”

“இதுல கட்டினாத்தான் தூங்குவா.”

“நானும் இதே மாதிரி தொட்டில்ல கட்டிக் கிடந்தவதான். எனக்கே சொல்லித் தர்றியா?”

தூக்கப் பரிசோதனை அறையில் இரவுப் பொறுப்பில் இருந்தவர் அவர். பெயர் ஜிபார். நான் தொட்டிலைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றேன். வளைந்த கால்களில் ஆடும் மரத்தொட்டில். மேலே நீளமாக ஒரு கைப்பிடிக் கட்டை, கையும் காலும் கட்ட இரண்டு பூப்போட்ட பட்டைகள். என் இன்னொரு கையில் பெகிமாய். எட்டு மாதம். பேச்சு முழுக்கத் தன்னைப் பற்றித்தான் என்று தெரிந்ததுபோல, ஜிபார் அக்காவின் காதில் ஆடிய வெள்ளித் தோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவர் இளகினார் என்று நினைக்கிறேன். “சுவரோட ஒட்டி வை. ஆனா அறைக்குள்ள வரக் கூடாது” என்றார்.

கூட்டிவந்திருக்க வேண்டியது என் மனைவி மீரிம். அவளுக்கு இருமல். இருமுகிறவர்களை இந்த வார்டுக்குள் விட மாட்டார்கள். குறித்த நாளைத் தள்ளினால் அடுத்த முறை இலையுதிர் காலத்தில்தான். ஆகவே நான். சுரங்கத்திலிருந்து எங்கள் ஊர் நாரினுக்கு நிலக்கரி ஏற்றுகிற லாரிக்காரன். கணவாயில் பனி கொட்டும்போதுகூடக் கை நடுங்கியதில்லை. தலைநகர் பிஷ்கெக்குக்கு வரும் வழியெல்லாம் பக்கத்து இருக்கையில் தொட்டிலைக் கயிறு போட்டுக் கட்டி, அதற்குள் மகளைக் கட்டி, பள்ளம் வந்தபோதெல்லாம் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தேன்.

சில இரவுகளில் தூக்கத்தில் பெகிமாயின் மூச்சு நின்றுவிடும். நின்று, பிறகு வரும். அதுவரை எங்கள் வீட்டில் எதுவும் அசையாது. நாரின் டாக்டர் ஒரு மத்தியானம் முழுக்க அருகில் உட்கார்ந்து பார்த்தார். மீரிம் தொட்டிலை ஆட்டினாள், இவள் அமைதியாகத் தூங்கினாள். “நல்லாத்தானே மூச்சு விடுறா? முதல் குழந்தைன்னா அப்படித்தான், எதுக்கெடுத்தாலும் பயம்” என்று அனுப்பிவிட்டார். இங்கே பதிவாகிற ஒரு இரவுதான் எங்களுக்கு மிச்சம். அதிலும் ஒன்றும் தெரியாவிட்டால் மருந்து கிடையாது, மூச்சு நின்றால் அலறி எழுப்புகிற கருவியையும் வீட்டுக்குத் தர மாட்டார்கள். மறுபடியும் மீரிமின் காதுதான் கருவி.

ஜிபார் அக்கா பெகிமாயைக் கட்டிலில் கிடத்தித் தலையெல்லாம் ஒயர்களை ஒட்டினார். மூக்கின் கீழ் மெல்லிய குழாய், மார்புக்கு ஒரு பட்டை, வயிற்றுக்கு ஒரு பட்டை, கால் கட்டைவிரலில் சிவப்பு விளக்கு. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. விளக்கணைத்ததும் வேறொன்று நடந்தது. இருட்டில் அவள் கைகள் கட்டப்படாமல் இருப்பது இதுதான் முதல் முறை. ஒரு கையை முகத்துக்கு மேலே தூக்கினாள். திருப்பிப் பார்த்தாள். இன்னொரு கையும் வந்து சேர்ந்தது. இரவில்கூட இவை இங்கேதான் இருக்கின்றனவா என்று கேட்பதுபோல என்னைப் பார்த்தாள். பிறகு, கிடைத்த கைகளைப் பயன்படுத்தி மூக்குக் குழாயைப் பிடுங்கினாள்.

ஜிபார் அக்கா வந்து ஒட்டினார். அவள் பிடுங்கினாள். மீண்டும் ஒட்டினார். இந்த முறை தலையிலிருந்தும் இரண்டு ஒயர்கள் போயின. பெகிமாய்க்கு இதைவிட நல்ல விளையாட்டு வாழ்வில் வாய்த்ததில்லை. எனக்கோ இலையுதிர் காலம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது.

“அண்ணே, இவ தூங்க வந்தாளா, கல்யாணத்துக்கு வந்தாளா?” என்று வாசலில் ஒரு குரல். பக்கத்து அறையில் மகனோடு தங்கியிருந்த தலாஸ் ஊர்க்காரி, ஜமீரா. கையில் தேநீர்க் கிண்ணம்.

“தொட்டில் இல்லாம இவளுக்குத் தூக்கம் வராது.”

“அது தெரியுது. வெளியில ஒண்ணு சும்மா நிக்குதே, அது யார் தூங்கறதுக்கு?”

ஜிபார் அக்கா கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து எங்களைப் பார்த்தார். பதிவாக வேண்டிய திரையைப் பார்த்தார். எழுந்து போய்த் தானே தொட்டிலைத் தூக்கிவந்து கட்டிலருகே வைத்தார். “நெஞ்சைக் கட்டாதே. மூச்சை அளக்கற பட்டை அசையணும். கையையும் காலையும் மட்டும் கட்டு” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

கட்டினேன். எங்கள் வீட்டில் அதைச் செய்வது மீரிம். நான் பார்த்ததோடு சரி. என் விரல்களுக்குத் தெரிந்த முடிச்சு ஒன்றுதான்.

“ஐயோ அண்ணே!” ஜமீரா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். “பிள்ளையைக் கட்டச் சொன்னா தார்ப்பாய் கட்டறீங்களே! கணவாயில உருண்டு விழுந்துடுவாளா? தள்ளுங்க.”

அவள் அவிழ்த்துவிட்டு, பட்டையைக் கைகளுக்கு மேலே மென்மையாக இழுத்து, ஒரே சுற்றில் செருகினாள். தொட்டிலின் நடுவே, மூத்திரம் குழல் வழியாகக் கீழே வடிவதற்கென்று இருந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தாள். “மூத்திரக் குழல் எங்க?”

அது எங்கள் சமையலறை ஜன்னலில் காய்ந்துகொண்டிருந்தது.

“ஆம்பளைங்க கிளம்பினா இதுதான்” என்று சொல்லிவிட்டு, தன் மகனுடைய டயபர் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினாள். ஜிபார் அக்கா அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

ஆட்டினேன். பெகிமாய் ஒரு முறை பெருமூச்சு விட்டாள், வேலை முடிந்து வீடு சேர்ந்தவள்போல. கண்கள் பாதி மூடின, பிறகு முழுவதும். ஜமீரா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நுனிக்காலில் போனாள்.

தலைமாட்டில் ஒரு சின்னத் திரை இருந்தது. அதில் அவள் மூச்சு, மேடும் பள்ளமுமாக ஊர்ந்துகொண்டிருந்தது. விடியும் முன் லாரியில் வரும்போது வானத்தின் அடியில் தெரிகிற மலைமுகடுகளின் கோடு அப்படியே. என் மகளுக்குள் இவ்வளவு மலைகள் இருப்பது எனக்குத் தெரியாது. அறை கதகதப்பாக இருந்தது. வெப்பக் குழாயில் தண்ணீர் மெல்ல முணுமுணுத்தது. மீரிம் கைப்பேசியில் கேட்டாள், “தூங்கறாளா?” “தூங்கறா” என்று எழுதி அனுப்பினேன். நீண்ட நாட்களாக அவளுக்கு நான் அனுப்பியதில் அதுவே நல்ல செய்தி.

முகடுகள் சிறுத்தன. ஒரு குன்று. ஒரு மேடு. பிறகு கோடு ஏரியைப்போல் சமமாகப் போனது. போய்க்கொண்டே இருந்தது. பிறகு ஒரு குலுங்கல், பெரிதாக ஒரு மலை, மறுபடியும் வரிசை.

ஜிபார் அக்கா சத்தமில்லாமல் உள்ளே வந்தார்.

“இப்ப என்ன பண்ணின?”

“ஒண்ணும் பண்ணலையே, அக்கா.”

அவர் என் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அது தொட்டிலின் கட்டையைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது.

அவர் திரையில் பதிவைப் பின்னால் நகர்த்திக் காட்டினார். “இங்க நின்னுது. இங்க உன் கை ஆட்டின குலுங்கல். அப்புறம் மூச்சு வந்துது.” குரலில் கோபம் இல்லை. “வீட்லயும் இப்படித்தானா?”

மீரிம் தூங்கும்போதும் ஒரு கையைத் தொட்டிலின் மேல் வைத்திருப்பாள். அவள் அயர்ந்துவிட்டால் நான். நாரின் டாக்டர் பார்த்த மத்தியானமும் மீரிமின் கை நிற்கவே இல்லை. நாங்கள் இருவரும் எட்டு மாதமாக இந்தக் குழந்தைக்கு மூச்சை நினைவூட்டிக்கொண்டே இருந்திருக்கிறோம், அதைப் பார்க்க வந்தவரின் கண்ணெதிரிலும்கூட. வெட்கப்படுவதா என்று தெரியவில்லை. உள்ளே எங்கோ, மீரிமை நினைத்துப் பெருமையாகத்தான் இருந்தது.

அக்கா முக்காலியை இழுத்துத் தொட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தார். சின்ன ஆக்சிஜன் முகமூடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் எங்கயும் போகல. ஆக்சிஜன் அளவு இறங்கினா அடுத்த நொடியே இதை வைப்பேன். ஆனா அவளா எப்படி மூச்சை எடுக்கறான்னு நான் பார்க்கணும். ஒரு தடவையாவது பார்க்கணும். புரியுதா?”

புரிந்தது. பெகிமாயின் வாய் லேசாகத் திறந்திருந்தது. பட்டைக்குள் ஒரு விரல் மட்டும் எதையோ பிடிப்பதுபோல் அசைந்து அடங்கியது. என் உள்ளங்கைக்குக் கீழே கட்டை வழுவழுப்பாக, சூடாக இருந்தது. திரையில் முகடுகள் மறுபடியும் சிறுக்கத் தொடங்கின. ஒரு குன்று. ஒரு மேடு.

“கையை எடு, தம்பி” என்றார் அக்கா.