அக்கா ஒருநாளும் வாங்கவில்லை

அந்த வாரம் முழுவதும் தங்கை தலைகீழாக நின்று பார்த்தாள். அக்கா ஒரு தண்ணீர் ஃபில்டர்கூட வாங்கவில்லை.

பட்டம் வாங்கிவிட்டு, ஃபில்டர் கம்பெனி ஒன்றில் விற்பனை வேலைக்குத் தங்கை விண்ணப்பித்திருந்தாள். நேர்முகத் தேர்வில் எதிரே உட்கார வைத்து, "எங்கிட்ட வித்துக் காட்டு" என்பார்களாம். ஏற்கெனவே இரண்டு கம்பெனிகளில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள, போன வேகத்தில் திரும்பியவள் அவள். இதுவும் போனால் அக்காவின் தையல் கடையில் சட்டைகளுக்குப் பட்டன் தைக்க, காஜா எடுக்க உட்கார வேண்டியதுதான். அவளைப் படிக்க வைக்கத்தான் அக்கா அந்தத் தையல் மிஷினை மிதித்தாள். படித்துவிட்டு அந்த மிஷின் முன்னாலேயே போய் உட்காருவதா?

அதனால் சாயங்காலமானால் ஒத்திகை. கவிழ்த்து வைத்த குடம்தான் ஃபில்டர்.

"வணக்கம் மேடம். உங்க வீட்டுத் தண்ணியைப் பத்தி ரெண்டு நிமிஷம்..."

"வேண்டாம். எங்க வீட்டுத் தண்ணிக்கு என்ன கேடு?"

"கேடுன்னு இல்ல மேடம்..."

"அப்ப எதுக்கு ஃபில்டர்? போ போ. போறப்ப இந்த ஊசியில நூலைக் கோத்துக் குடுத்துட்டுப் போ, ஊமைக்கோட்டான்."

அக்காவுக்குக் கண் மங்க ஆரம்பித்து நாளாகிவிட்டது. கண்ணாடிப் பேச்சை எடுத்தால், "முதல்ல உனக்கு வேலை கிடைக்கட்டும்" என்று வாயை அடைத்துவிடுவாள்.

கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம், அக்காவிடம் ஃபில்டர் விற்க முடியாது. தங்கை தள்ளுபடி சொன்னாள், தவணை சொன்னாள், குழந்தைகளின் உடம்பைப் பற்றிச் சொன்னாள்.

"எனக்கு ஏதுடி குழந்தை, உன்னைத் தவிர?" என்றாள் அக்கா.

ஒருநாள் தங்கை அழாத குறையாக மாமாவிடம் போனாள். அக்காவின் கணவர், பஸ் ஓட்டுகிறவர். ஷூவைக் கழற்றிக்கொண்டே சிரித்தார்.

"உங்க அக்கா என்னையே மூணு தடவை வேண்டாம்னு சொன்னவ."

"அப்புறம் எப்படி மாமா?"

"நான் எழுந்து போகலையே."

நேர்முகத் தேர்வு ஒரு கண்ணாடி அறையில் நடந்தது. மேஜையில் மூடி போட்ட தண்ணீர் டம்ளர். எதிரே நரைத்த தலையோடு மேனேஜரம்மா.

"நான் ஒரு வீட்டுக்காரி. கதவைத் தட்டிட்டீங்க. ஆரம்பிங்க."

தங்கை ஆரம்பித்தாள். நாலு வாக்கியம்கூட ஆகவில்லை. "நல்லா இருக்கே. ஒண்ணு வாங்கிக்கிறேன்" என்றார் மேனேஜரம்மா.

தங்கை நிறுத்தவில்லை. "தவணையும் உண்டு மேடம்."

"வாங்கிக்கிறேன்னுதான்மா சொன்னேன்."

"இருக்கட்டும் மேடம். எங்க தண்ணிக்கு என்ன கேடுன்னு நீங்க கேக்கலாம்..."

மேனேஜரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "யம்மா, பணத்தைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறேன். எங்கிட்ட ஏன் சண்டைக்கு வர்றீங்க?"

தங்கைக்குக் காதுவரை சுட்டது. போச்சு, காஜாதான் என்று நினைத்தாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"மன்னிச்சிடுங்க மேடம். எங்க அக்காகிட்டதான் பழகினேன். அவ ஒரு தடவைகூட வாங்கல. வாங்கிக்கிறேன்னு சொன்னா அடுத்து என்ன செய்யணும்னே எனக்குத் தெரியாது."

மேனேஜரம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சட்டென்று முகத்தைக் கல்லாக்கிக்கொண்டார். "சரி. எனக்கு ஃபில்டரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். போங்க."

தங்கையின் தோள்களில் இருந்த இறுக்கம் விட்டது. இது பழகிய இடம், வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

"போறேன் மேடம். தொண்டை காயுது, இந்தத் தண்ணியைக் குடிக்கலாமா? எங்கேர்ந்து பிடிக்கிறீங்க?"

மேனேஜரம்மா விதவிதமாக விரட்டிப் பார்த்தார். தங்கை சிரித்த முகத்தோடு உட்கார்ந்தே இருந்தாள்.

"பில் போடறதை ஒரே நாள்ல சொல்லிக் குடுத்துடுவேன்" என்றார் அவர் கடைசியில். "வேண்டாம்னு சொல்றவங்க முன்னாடி முகம் வாடாம இருக்கறதைச் சொல்லிக் குடுக்க என்னால ஆகாது. அதை உங்க அக்கா பாத்துக்கிட்டாங்க. ஒண்ணாம் தேதி வந்து சேருங்க. அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க."

கடைக்கு ஓடிவந்து சொன்னபோது அக்கா மிஷினை நிறுத்தவில்லை. ஆனால் தைத்துக்கொண்டிருந்த சட்டையின் கைத் தையல் கோணிக்கொண்டு போனது.

"ஒரே ஒரு தடவை வாங்கியிருந்தா என்னக்கா?"

"வாங்கியிருந்தா நீ அன்னிக்கே ஒத்திகை போதும்னு குடத்தை நிமிர்த்தி வெச்சிருப்பே."

நன்றி என்று சொன்னால் அக்கா ஈயை ஓட்டுவது போல ஓட்டிவிடுவாள். தங்கை ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"வணக்கம் மேடம். உங்க கண்ணைப் பத்தி ரெண்டு நிமிஷம்."

"வேண்டாம்."

"வேலை கிடைக்கட்டும்னு சொன்னீங்க. கிடைச்சாச்சு."

"என் கண்ணுக்கு என்ன கேடு? போடி."

"அப்ப இந்த ஊசியில நீங்களே நூலைக் கோங்க, பாப்போம்."

அக்கா முறைத்தாள். தங்கை நகரவில்லை. வேலை முடிந்து வந்த மாமா இருவரையும் பார்த்துவிட்டு, கதவு நிலையில் சாய்ந்துகொண்டார். "நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்றார்.

அக்கா ஊசியைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள்.

"சரி. சனிக்கிழமை கண் டாக்டர்கிட்ட போகலாம்."

சொல்ல இன்னும் எத்தனையோ தங்கையின் நாக்கு நுனியில் இருந்தன. ஆனால் மேடம்தான் வாங்கிவிட்டாரே. ஊசியை வாங்கி, நூலைக் கோத்து, அக்காவின் கையில் கொடுத்தாள்.