ஒரு வீட்டுக்கு ஒரு உருப்படி

கட்டடத்தில் விரிசல் விட்டது ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை இடிப்பது என்று முடிவாயிற்று. நடுவில் இரண்டு நாள், இருபத்துநான்கு வீட்டுக்காரர்களும் உள்ளே போய் ஆளுக்கொரு பொருளை எடுத்துவரலாம் என்று நகராட்சிப் பொறியாளர் அனுமதி கொடுத்தார். ஒரு வீட்டுக்கு ஒரு ஆள், பத்து நிமிஷம், ஒரு உருப்படி.

உருப்படி என்ற சொல்லைப் படிவத்தில் போட்டது எழுத்தர்தான். அவனும் அதே கட்டடத்தில் மூன்றாம் மாடியில் குடியிருந்தவன். "உங்களுக்குத்தான் எல்லார் முகமும் தெரியும். நீங்களே பார்த்துக்குங்க" என்று பொறியாளர் வேலையை அவன் தலையில் கட்டிவிட்டார். பொருள் என்று எழுதினால் ஆளாளுக்கு ஒரு பொருள் எடுப்பார்கள், உருப்படி என்றால் எண்ணிக்கை வந்துவிடும், தகராறு இருக்காது என்று அவன் கணக்குப் போட்டான்.

தகராறு முதல் ஆளிலேயே ஆரம்பித்தது. இரண்டாம் மாடி மளிகைக்காரர் 'பெட்டி ஒன்று' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, உள்ளே போய்ப் பாதி வீட்டைப் பெட்டிக்குள் திணித்து இழுத்துக்கொண்டு இறங்கினார். மாடிப்படி அதிர்ந்தது. பொறியாளர் முகம் வெளுத்துப் போனது. பெட்டி, பை, மூட்டை எதுவும் உருப்படி ஆகாது என்று படிவத்தின் அடியில் எழுத்தர் கையால் எழுதினான். அடுத்து வந்த அக்கா தங்கை இருவரும் குக்கரைப் பிடித்துக்கொண்டார்கள். குக்கர் ஒரு உருப்படி என்றால் மூடி தனி உருப்படியா என்று அக்கா கேட்டாள். மூடி இல்லாத குக்கரை வைத்து நான் என்ன தலையிலா கவிழ்த்துக்கொள்வேன் என்று தங்கை கேட்டாள். வெயிட் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. அது தனியாக இடுப்பில் வந்தது.

படிவத்தில் கடைசிக் கட்டம் 'ஏன் வேண்டும்?' என்பது. பொறியாளரின் யோசனை. கூட்டம் அதிகமானால் யாரை முதலில் அனுப்புவது என்று பார்க்கலாமாம். அந்த ஒரு வரிக் கட்டத்தில் மனிதர்கள் கதாகாலட்சேபம் நடத்தினார்கள். ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர் ஒரு சுவர்க்கடிகாரத்துக்காக இரண்டு பக்கம் எழுதி ஊக்கு குத்தி இணைத்திருந்தார். பிரிவு உபசார விழாவில் கொடுத்தது. பன்னிரண்டு நிமிஷம் முன்னால் ஓடும் என்று கட்டடத்துக்கே தெரியும். நான்காம் மாடி வாலிபன் உடற்பயிற்சி சைக்கிளுக்கு 'ஆரோக்கியம்' என்று எழுதியிருந்தான். அதில் ஈரத்துண்டைத் தவிர வேறெதுவும் ஏறி எழுத்தர் பார்த்ததில்லை. முதல் மாடி மாமி ஒரு மரப்பெட்டிக்காக மன்றாடினாள். பெட்டி உருப்படி ஆகாது என்றதும் அழுதாள்.

"உள்ள என்னம்மா இருக்கு?"

"தெரியாதுப்பா. சாவி இல்ல. மாமனார் கொடுத்தது. முப்பது வருஷமா அப்படியே இருக்கு."

"தெரியாத சாமானுக்கா இந்த அழுகை?"

"தெரிஞ்சிருந்தா எப்பவோ தூக்கிப் போட்டிருப்பேன்" என்றாள் மாமி, மூக்கைச் சிந்திக்கொண்டே.

எழுத்தர் முத்திரை வைத்தான். எல்லாரும் 'விலைமதிப்பற்றது' என்றுதான் எழுதினார்கள். கைப்பிடி உடைந்து ஒட்டவைத்த கோப்பை, எவனோ எவளுக்கோ கொடுத்த பொம்மை, காலாவதியான பாஸ்போர்ட். அத்தனையும் விலைமதிப்பற்றது. யாராவது கேட்டிருந்தால் அது வாஸ்தவம்தான், இதற்கெல்லாம் எவன் விலை கொடுப்பான் என்று சொல்லியிருப்பான். யாரும் கேட்கவில்லை. ஒரே ஒரு டாக்ஸி டிரைவர் மட்டும் தலையணை என்று எழுதி, ஏன் என்ற இடத்தில் 'சும்மா' என்று போட்டிருந்தார். அவர் ஒருவர்மேல்தான் எழுத்தருக்கு மரியாதை வந்தது.

உள்ளே போகிறவர்களுக்குத் துணை, 'டார்ச்' என்று எல்லாரும் கூப்பிடும் இடிப்பு மேஸ்திரி. ஐம்பது வயது, நெற்றியில் எப்போதும் விளக்கு. அவர் மாடிப்படித் திருப்பத்தில் நின்றுகொள்வார். வீட்டுக்காரர் மட்டும் தனியாக உள்ளே போக வேண்டும். தளம் ஒரு ஆளுக்கு மேல் தாங்காது. எழுதியது கிடைக்கவில்லை என்றால் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். உள்ளே நின்று அதை எடுக்கலாமா இதை எடுக்கலாமா என்று முழித்தால் உயிருக்கு உத்தரவாதமில்லை.

எழுத்தர் தன் வீட்டுப் படிவத்தை நிரப்பவில்லை. அவனுக்கு ஒன்றும் வேண்டாம். மொத்தமும் மண்ணோடு போனால் நல்லது என்று இருந்தான். மனைவி போய் ஒன்பது மாதம் ஆகிறது. மூளையில் ரத்தக்கசிவு. காலையில் பல் தேய்த்தவள் மதியம் இல்லை. அவள் துணி, செருப்பு, சீப்பு எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. அவற்றை எடுத்துக் கொடுக்கவும் தோன்றவில்லை, தொட்டுப் பார்த்து அழவும் தோன்றவில்லை. தூசி மட்டும் தட்டிக்கொண்டிருந்தான்.

இரண்டாம் நாள் பதினோரு மணிக்கு மாமியார் வந்தார். இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு. தடுப்புக் கயிற்றைக் குனிந்து தாண்டி நேராக மேசைக்கு வந்தார்.

"மாப்பிள்ளை, நம்ம வீட்டுக்கு எழுதிட்டீங்களா?"

"இல்ல அத்தை. ஒண்ணும் வேண்டாம்னு விட்டுட்டேன்."

"வேண்டாமா?" அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "எனக்கு வேணும் மாப்பிள்ளை. அவ போன் வேணும்."

எழுத்தர் முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தான்.

"என் போன்ல இடமில்ல இடமில்லைன்னு காட்டும். பையன் மாசாமாசம் எல்லாத்தையும் அழிச்சிடுவான். அவ பேசி அனுப்பினது ஒண்ணுகூட என்கிட்ட இல்ல. அவ போன்ல எல்லாம் இருக்கும்ல? அவ எதையும் அழிக்க மாட்டா. காய்கறிக்கடை ரசீதைக்கூடப் படம் பிடிச்சு வெச்சிருப்பா."

உண்மைதான். அவள் எதையும் அழிக்க மாட்டாள். அழித்தவன் இவன்.

அந்தப் போனில் தினமும் ஐந்து நாற்பதுக்கு அலாரம் அடிக்கும். எழுந்ததும் அம்மாவைக் கூப்பிட்டு, "மாத்திரை போட்டியா?" என்று கேட்பாள். அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும். அம்மாவுக்கு ஞாபகம் இருக்காது. அவள் போன பிறகும் அலாரம் அடித்தது. அன்றைக்கு நிறுத்தினால் மறுநாள் அடிக்கும். உள்ளே போய் எடுத்துவிடலாமென்றால் பூட்டு. விரலால் போடும் கோலம், அவனுக்குத் தெரியாது. சார்ஜ் போடாமல் விட்டிருந்தால் தானே அணைந்திருக்கும். ஆனால் ராத்திரி தன் போனுக்குச் சார்ஜ் போடும்போது அதற்கும் போட்டுவிடுவான். ஏன் போட்டான் என்று அவன் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. மூன்றாம் மாதம் ஒருநாள் தன் போன் பழுதானது. கடைக்குப் போனான். பழசு இருந்தால் கொடுங்கள், புதுசில் கழித்துக்கொள்கிறோம் என்றான் கடைக்காரன். இரண்டையும் மேசையில் வைத்தான்.

"இது பூட்டியிருக்கே சார். திறந்து தர்றீங்களா?"

"தெரியாது."

"அப்ப மொத்தமா அழிச்சிரட்டுமா?"

"சரி."

அவ்வளவுதான். இரண்டெழுத்து.

இப்போது சொல்லியிருக்கலாம். முத்திரைக் கட்டையை மறுபடி கையில் எடுத்துக்கொண்டான். பக்கத்தில் நின்ற பொறியாளர், "வீட்டு ஆளுங்க யார் வேணா எழுதலாம்மா" என்று படிவத்தை அவரிடம் நீட்டிவிட்டார். மாமியார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடக் கையெழுத்தில், உருப்படி என்ற இடத்தில் 'மகள் போன்' என்றும், ஏன் என்ற இடத்தில் 'கேட்க' என்றும் எழுதினார்.

"போய் எடுத்துட்டு வந்துருங்க மாப்பிள்ளை. கட்டில் பக்கத்து மேசை டிராயர்லதான் வைப்பா."

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு எழுத்தர் படியேறினான். டார்ச் முன்னால் போனார்.

"போனா சார்? சின்ன சாமான். லேசா வேலை முடிஞ்சிரும். நேத்து ஒருத்தர் மெத்தையை எழுதிட்டார். படியில என்னையும் சேர்த்து உருட்டிட்டார்."

எழுத்தர் படிகளை எண்ணிக்கொண்டே ஏறினான்.

வீட்டுக்குள் சுண்ணாம்பு நெடி. கூடத்துச் சுவரில் கை நுழையும் அளவு விரிசல், அந்தப் பக்கத்து வீட்டு நாள்காட்டி தெரிந்தது. படுக்கையறைக்குப் போனான். கூரையில் பாதி, கட்டில்மேலும் பக்கத்து மேசைமேலும் இறங்கிக் கிடந்தது. கம்பி வெளியே தொங்கியது. டிராயரின் கைப்பிடி மட்டும் மண்ணுக்கு வெளியே தெரிந்தது.

அவனுக்கு நிம்மதியாக இருந்தது. அவனுக்கு வேண்டிய பொய்யைக் கூரையே கொட்டி வைத்திருந்தது. எட்டு நிமிஷம் மிச்சமிருந்தது. நின்றான். கொடியில் அவளுடைய துவாலை, வாசலில் அவள் செருப்பு, அலமாரிக் கண்ணாடியில் அவள் ஒட்டிவைத்த பொட்டு. இதையெல்லாம் எடுக்கக் கூடாது. படிவத்தில் இல்லை. விதியை எழுதியவனே அவன்தான். வெறுங்கையோடு இறங்கினான்.

"கூரை விழுந்திருக்கு அத்தை. மேசை மேலேயே விழுந்திருக்கு. ஒண்ணும் பண்ண முடியல."

மாமியார் அவன் கையைத்தான் பார்த்தார். "டிராயர் உடைஞ்சிருச்சா?"

"தெரியல. மண்ணு மூடியிருக்கு."

"மண்ணுதானே."

பொறியாளர் பதிவேட்டைத் திருப்பி வைத்தார். கிடைத்ததா என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுத்தர் எழுதினான். காரணம் என்ற இடத்தில் 'இடிபாடு' என்று எழுதினான். அவன் கையெழுத்து எப்போதும்போல அழகாக இருந்தது.

"நான் போய் மண்ணை ஒதுக்குறேன்" என்றார் மாமியார். "பத்து நிமிஷம் கொடுங்க சார். எனக்கென்ன, இருந்து என்ன பண்ணப் போறேன்?"

"அதெல்லாம் முடியாதும்மா" என்றார் பொறியாளர்.

"அவருக்குப் பத்து நிமிஷம் இருந்துச்சு. ரெண்டு நிமிஷத்துல இறங்கிட்டார். மீதி எட்டு எனக்குக் கொடுங்க."

டார்ச் பீடியைக் காலால் மிதித்து அணைத்தார். "நீங்க இருங்கம்மா. நான் போறேன். டிராயர் கைப்பிடி வெளியே தெரியுதா சார்?"

"தெரியுது" என்று எழுத்தர் சொல்லிவிட்டான். வாய் தானாகச் சொன்னது.

"அப்ப கடப்பாரை வெச்சு நெம்பினா வந்துரும். எத்தனையோ பாத்தாச்சு. சாருக்குச் செய்யாம யாருக்குச் செய்றது? ரெண்டு நாளா வெயில்ல உக்காந்து ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கறார்."

பொறியாளர் தயங்கினார். "அந்த ரூம் மேல்தளம் எப்படி இருக்கு?"

"தொங்குது" என்றார் டார்ச். "அது இறங்குறதுக்கு முன்னால நான் இறங்கிட்டாப் போச்சு." தன் ஜோக்குக்குத் தானே சிரித்துக்கொண்டு கடப்பாரையைத் தோளில் போட்டார். மாமியார் அவரைப் பார்த்துக் கைகூப்பினார். எழுத்தர் அந்தக் கைகளைப் பார்த்தான். ஒரு பழைய போனுக்காக இத்தனை பேர். உலகத்தில் இவர்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று எரிச்சல் வந்தது. சும்மா இருந்தால் போதும். அரை மணியில் டார்ச் ஒன்றுமில்லை என்று இறங்கிவிடுவார். இல்லை, இறங்காமலும் போகலாம்.

டார்ச் முதல் படியில் கால் வைத்தார். இரண்டாவது. மூன்றாவது.

"அண்ணே. இறங்குங்க."

"என்ன சார்?"

"அங்க இல்ல. இறங்கி வாங்க."

டார்ச் நின்ற இடத்திலேயே திரும்பினார். நெற்றி விளக்கின் வெளிச்சம் எழுத்தர் முகத்தில் அடித்தது. அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டான்.

"போன் அங்க இல்ல அத்தை. கடையில கொடுத்துட்டேன்."

வரிசையில் நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். மேனேஜர் கடிகாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரடி நெருங்கி வந்தார்.

"எப்ப?"

"மூணாம் மாசம்."

"ரிப்பேருக்கா?"

"இல்ல. கொடுத்துட்டு வேற வாங்கினேன்."

"அதுல இருந்ததெல்லாம்?"

"அழிச்சுட்டாங்க. நான்தான் சரின்னேன்."

மாமியார் தலையாட்டினார். சந்தையில் விலையைக் கேட்டுவிட்டு ஆட்டுவதுபோல ஒரு ஆட்டு. கோபத்தை எதிர்பார்த்து எழுத்தர் நின்றான். அழுகையாக இருந்தாலும் பரவாயில்லை. இரண்டும் வரவில்லை.

"ஆறு மாசமா வீட்டுக்கு வர்றப்பல்லாம் கேட்கணும்னு நினைப்பேன்" என்றார். "உங்களுக்கும் அது வேணுமே, பிடுங்கின மாதிரி ஆயிடுமேன்னு கேட்காம இருந்தேன்."

டார்ச் இறங்கிவந்து, கடப்பாரையைச் சுவரில் சாய்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அவன் தன் உயிரைக் காப்பாற்றியிருக்கிறான் என்றோ, அதற்கு முன்னால் கொல்லப் பார்த்திருக்கிறான் என்றோ அவர் சொல்லவில்லை. இன்னொரு பீடியைப் பற்றவைத்தார். 'சார்' என்று மட்டும் அதன் பிறகு அவர் கூப்பிடவில்லை.

"எங்க, காட்டு" என்றார் மாமியார்.

கல்யாணமான இந்த மூன்று வருஷத்தில் ஒருநாளும் அவர் அவனை ஒருமையில் பேசியதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட "மாப்பிள்ளை, கஞ்சி குடிங்க" என்றவர்தான். அந்தச் சொல் அவனுக்கு வலிக்கவில்லை. அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தி உட்கார்ந்தது.

"எதை அத்தை?"

"அதைக் கொடுத்துட்டு வாங்கினியே. அதை."

பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் இருந்த கீறலை நகத்தால் தடவினார். கத்தரிக்காயில் பூச்சி பார்ப்பதுபோல இருந்தது.

"நல்லா இருக்கா?"

அவன் யோசித்தான். இன்றைக்கு அவரிடம் இன்னொரு பொய் சொல்லத் தெம்பில்லை.

"சார்ஜ் நிக்க மாட்டேங்குது."

"ம்" என்றார். போனை அவன் நீட்டிய கையில் கொடுக்காமல் மேசைமேல், பதிவேட்டின்மேல் வைத்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"வேற வாங்கிக்க."

கயிற்றைக் குனிந்து தாண்டி, பஸ் நிற்கும் பக்கம் நடந்தார்.