மஞ்சள் படிந்த கட்டில்

அன்று காலையில் ஈஸ்வரமூர்த்தி வீட்டில் செய்த கடைசி வேலை, ஆட்டம் கொடுக்கும் கயிற்றுக் கட்டிலின் குட்டைக் காலுக்கு அடியில் ஒரு தேங்காய்ச் சிரட்டைச் சில்லைச் செருகியதுதான். “இந்தக் காலை மாத்தோணும், நாச்சா” என்றார் மனைவி நாச்சம்மாளிடம். பத்து வருஷமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு தோட்டத்துக்குப் போய், ஈரக் கையோடு புது மோட்டாரின் சுவிட்சைத் தொட்டார். அதே கட்டிலை எடுத்துப் போய்த்தான் நாலு பேர் அவரைத் தூக்கி வந்தார்கள்.

கோவிந்தாபுரத்துப் பக்கம் பிணம் கிடந்த கட்டிலை மறுபடியும் வீட்டுக்குள் எடுப்பதில்லை. அது ஊருக்குத் துணி வெளுக்கும் காளிச்சாமிக்குச் சேர வேண்டியது. யாரும் இரக்கப்பட்டுக் கொடுப்பதல்ல, அவன் உரிமை. அவன் மனைவி சுருளியம்மாள் இடுப்பெலும்பு முறிந்து ஈரத் தரையில் கிடந்தாள். பதினாறாம் நாள் கழிந்ததும் கேட்க வந்தான். கட்டிலைப் போட்டு வைத்திருந்த கொட்டகையில் அது இல்லை.

“பெரிய பண்ணாடி வண்டியில ஏத்தீட்டுப் போனாராமுங்க, ஆத்தா. டவுனுக் காட்சிசாலைக்காமா” என்றான், விசாரித்துவிட்டு வந்த காளிச்சாமி.

பெரிய பண்ணாடி என்பது ஈஸ்வரமூர்த்தியின் அண்ணன் செங்கோட்டையன். ஊர்க்கிணற்று உருளையில்கூடத் தன் பெயரை வெட்டி வைத்தவர். டவுனில் மூடிக் கிடந்த நெல் மில்லில் நாட்டுப்புற வாழ்க்கைக் காட்சிசாலை வரப்போகிறது என்றதும், கூட்டத்தில் எழுந்து தன் வீட்டு ஈட்டி மரக் கட்டிலைத் தருவதாகச் சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். வீட்டுக்கு வந்து ஈட்டிக் கட்டிலைப் பார்த்த பிறகு மனசு வரவில்லை. தம்பி கட்டில்தான் சும்மா கிடக்கிறதே.

நாச்சம்மாள் டவுனுக்குப் போனாள். காட்சிசாலைச் செயலாளர் துரைசுவாமி பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். முப்பது வருஷம் ஏதோ ஆபீசில் பைல் கட்டியவர். அவருடைய காட்சிசாலையில் முறம் தலைகீழாகத் தொங்கியது. மாட்டுக்கு மருந்து புகட்டும் மூங்கில் குழாய்க்குப் ‘புல்லாங்குழல்’ என்று அட்டை எழுதியிருந்தது. கட்டிலுக்கும் ஓர் அட்டை: ‘மணமக்கள் கட்டில். உபயம்: செங்கோட்டையன்.’

“கட்டில எடுத்துட்டுப் போக வந்தனுங்க.”

“அதெப்படி? ரிஜிஸ்டர்ல ஏத்தியாச்சு. கயித்துல மஞ்சள் பாத்தேளோ? உங்களவா கல்யாணத்தன்னிக்கு மஞ்சள் பூசிண்டு இதிலதான் உக்காருவா. ஆராய்ச்சி பண்ணி எழுதினதாக்கும்.”

நாச்சம்மாள் மஞ்சளைப் பார்த்தாள். தாலியை எடுக்கும் முன் அவளுக்குக் கடைசியாகப் பூசிய மஞ்சள் அது. அந்த ஈரக் கையால்தான் கட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைச் சொல்ல வாயெடுத்தாள். அவரோ அதற்குள் பானைகளை எண்ணப் போய்விட்டார்.

செங்கோட்டையனிடம் கேட்டாள். “ஏனுங்க மாமா, அது காளிச்சாமிக்குச் சேர வேண்டியதில்லீங்களா?”

“அவனுக்கு ஒரு பாய் வாங்கிக் குடுத்தாப் போச்சு. அங்கிருந்தா உன்ற புருசன் பேரு நெலைக்குமில்ல?”

அட்டையில் புருஷன் பேர் எங்கே இருந்தது?

ஆனி மாத மழையில் திறப்பு விழா நடந்தது. நாச்சம்மாள் காளிச்சாமியைக் கூட்டிக்கொண்டு போனாள். வாசலிலேயே செங்கோட்டையன் பல்லைக் கடித்தார்.

“நல்ல காரியத்துல நீ எதுக்கு வந்தே?”

“உங்க பேரைப் பாத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க மாமா.”

திறந்து வைக்க வந்த பிளாக் ஆபீசருக்குக் கல்யாணமாகி ஒரு மாசம். மனைவி சிசிலியும் வந்திருந்தாள். துரைசுவாமிக்குத் தலைகால் புரியவில்லை. “ரெண்டு பேரும் இந்தக் கட்டில்ல உக்காருங்கோ. உங்களுக்குன்னே வந்தாப்பல இருக்கு.” உட்கார்ந்தார்கள். கட்டில் ஆடியது. எல்லோரும் சிரித்தார்கள். போட்டோக்காரர் குனிந்தார். பிடிமானத்துக்காகச் சிசிலி வைத்த கை, மஞ்சள் படிந்த இடத்தில் இருந்தது.

நாச்சம்மாள் அவள் பக்கத்தில் போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

“அம்மிணி, அந்த மஞ்ச என்ற கை மஞ்ச. என்ற ஊட்டுக்காரரு பொணம் மத்தியானம் வரைக்கும் இதுலதான் கெடந்துச்சு. நீங்க கை வெச்ச எடத்துல நான் கை வெச்சிருந்தேன்.”

ஆபீசர் துள்ளி எழுந்த வேகத்தில் பின்னால் இருந்த பானைகளில் இரண்டு உடைந்தன. சிசிலி மெதுவாக எழுந்தாள். அந்தக் கூட்டத்தில் நாச்சம்மாளின் முகத்தைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

“ஓய், ஈட்டிக் கட்டில்னு சொன்னீரே?” என்றார் துரைசுவாமி. செங்கோட்டையன் மில்லின் கூரையைப் பார்த்தார். “முதல்ல இதை வெளியில எடுங்கோ, யாராவது” என்று துரைசுவாமி கத்தினார்.

மாலையும் சந்தனமுமாக நின்றிருந்த அத்தனை பேரும் ஓரடி பின்னால் போனார்கள்.

“எடுக்கறதுக்கு ஆள் கூட்டியாந்திருக்கறனுங்க” என்றாள் நாச்சம்மாள். காளிச்சாமி கட்டிலைத் தலைக்குத் தூக்கினான்.

அட்டையை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. வெறும் தரைக்கு மேலே, செங்கோட்டையனின் உபயமாக, அது வெகுநாள் தொங்கியது.

அன்று மாலை காளிச்சாமி குடிசையில், சுருளியம்மாளைப் பிடித்துக் கட்டிலில் ஏற்றினார்கள். கட்டில் ஒரு பக்கம் சாய்ந்தது. நாச்சம்மாள் குனிந்து பார்த்தாள். ஈஸ்வரமூர்த்தி சில்லு செருகியிருந்த அந்தக் குட்டைக் கால் தரையைத் தொடவில்லை.