மூன்றாவது பெட்டிக்கு இரண்டு விடைகள்

மூன்றாவது பெட்டியைத் திறந்து மேசையில் ஏற்றிய அன்றைக்குத்தான் வடிகட்டிகளைத் திருப்பும் மோட்டார்கள் மண்டையைப் போட்டன. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். அன்று வந்த கோபத்துக்கு மட்டும் நியாயம் இருந்தது. மாலை ஐந்து மணிக்குள் விடை அனுப்பியாக வேண்டும்.

கேட்டவர் வேறொரு ஆய்வுக்கூடத்துக்காரர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சந்தேகம். "உள்ள என்ன நிலை இருக்குன்னே தெரியாம, அதுல குவாண்டம் பிணைப்பு இருக்கா இல்லையான்னு எப்படிச் சொல்லுவீங்க?" என்று என் முறையை ஒரு கூட்டத்தில் வைத்தே கிழித்தவர். பிறகு அவரே மூன்று பெட்டிகளை முத்திரையிட்டு அனுப்பினார். ஒவ்வொன்றும் ஒளித்துகள்களை ஜோடி ஜோடியாக உமிழும். ஜோடிக்குள் பிணைப்பு, அதாவது விலகிப் போனாலும் அறாத உறவு, இருக்கிறதா என்று நான் சொல்ல வேண்டும். மூன்றையும் சரியாகச் சொன்னால் என் கட்டுரைக்கு ஒப்புதல் தருவார். ஒன்று தப்பினாலும் என் நான்கு வருட உழைப்பு குப்பைக்கு.

என் முறை ரொம்ப எளிது. ஜோடியில் ஒரு துகள் இந்த மேசைக்கு, மற்றது அந்த மேசைக்கு. இரண்டு பக்கமும் வடிகட்டிகளை மனம்போன கோணத்தில் திருப்பி, விடைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்ப்போம். சில கோணங்களில் அப்படியே ஒத்துப்போகும், சிலவற்றில் நேர் எதிராகப் போகும், சிலவற்றில் சம்பந்தமே இருக்காது. ஒத்தோ எதிராகவோ போகும் இந்த வலு சராசரியில் ஒரு வரம்புக் கோட்டைத் தாண்டினால் பிணைப்பு இருக்கிறது. நிலை என்னவென்று தெரியவே வேண்டாம். ஒரே நிபந்தனை: இந்தக் கை திருப்புவதற்கும் அந்தக் கை திருப்புவதற்கும் தொடர்பு இருக்கக் கூடாது.

முதல் இரண்டு பெட்டிகளுக்கு மோட்டார்கள் திருப்பின. மூன்றாவதற்கு நானும் என் கணவரும் உட்கார்ந்தோம். அவர் இதே கூடத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்பவர். நடுவில் கறுப்புத் திரை. பூஜ்யத்திலிருந்து ஆளுக்கொரு திருகு, நாற்பது தடவை. பேச்சே கிடையாது.

மூன்று மணிக்குக் கணக்குப் போட்டேன். கோட்டை அநாயாசமாகத் தாண்டியிருந்தது.

"ஜெயிச்சாச்சு!" என்றார் அவர். எனக்குத் தலைகால் புரியவில்லை. பிணைப்பு இருக்க வேண்டும் என்று காலையிலிருந்தே ஆசைப்பட்டுக்கொண்டிருந்தேன். பாட்டு முணுமுணுத்தபடி அறிக்கைக்காகக் கோணங்களைத் தட்டச்சு செய்தேன். என்னுடையது நாற்பது, அவருடையது நாற்பத்திரண்டு. நூற்றுப்பத்து, நூற்றெட்டு. எழுபத்தைந்து, எழுபத்தைந்து. பாட்டு நின்றுவிட்டது.

"ஏங்க, என் பக்கம் எட்டிப் பாத்தீங்களா?"

"நடுவுல திரை தொங்குது. எப்படிப் பாக்குறது?"

"அப்புறம் எப்படி ரெண்டு பேரும் ஒரே இடத்துல நிறுத்தியிருக்கோம்?"

அவர் தலையைச் சொறிந்தார். "உன் திருகு கிரீச்சுன்னு கேக்கும்ல. அது போற வேகத்துல நானும் சுத்துவேன், அது நின்னா நானும் நிறுத்திடுவேன். உன்னைக் காக்க வெச்சா கத்துவியே!"

கத்துவதற்கு வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன். நானும் அதையேதான் செய்திருந்தேன். அவர் திருகு நின்ற பிறகு என்னுடையதைச் சுற்றிக்கொண்டே இருக்கக் கை வரவில்லை. ஒரே கோணத்தில் பார்த்தால் சாதாரணத் துகள்கள்கூட உயிருக்குயிரானவைபோல ஒத்துப்போகும். கோட்டைத் தாண்ட வைத்தது துகள்கள் இல்லை, நாங்கள். கணினியிடம் கோணங்களைக் கேட்டிருந்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் ஒரு நொடியில் தந்திருக்கும். அவசரத்தில் புத்தி எங்கே மேயப் போனதோ!

"யாருக்குத் தெரியப்போகுது, அப்படியே அனுப்பிடலாமா?" என்று ஒரு கணம் நினைத்ததையும் மறைக்கப் போவதில்லை. முதல் விடையே தற்செயலாகச் சரியாகவும் இருக்கலாம் இல்லையா?

"திரும்ப எடுப்போம். கணினி உனக்குத் தர்ற எண்ணை நீ சொல்லாத, நானும் சொல்லல" என்றார் அவர், ஏற்கனவே நாற்காலியை இழுத்துப்போட்டபடி.

கணினி ஆளுக்கொரு பட்டியல் தந்தது. மறுபடி நாற்பது தடவை. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கணக்கு முடிந்தது. கோட்டுக்கு எவ்வளவோ கீழே. 'பிணைப்பு தென்படவில்லை' என்று எழுதினேன். முதல் கணக்கையும் ஒளிக்காமல் சேர்த்து, அது ஏன் தப்பு என்று ஒரு வரி போட்டு அனுப்பினேன்.

மறுநாள் காலை சந்தேகம் தொலைபேசியில் அழைத்தார்.

"மூணும் சரிங்க. மூணாவதுல நான் பிணைப்பே வைக்கல. கட்டுரையை அனுப்புங்க, ஒப்புதல் தர்றேன். ஆனா அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடாதீங்க."

நான் தொலைபேசியை வைத்ததும் கணவர் கணினித் திரையில் அந்த வரியைத் தேடிப் பிடித்துச் சத்தமாகப் படித்தார்: "திருப்பிய இருவரும் ஒருவரையொருவர் சாராதவர்கள் என்று எடுத்துக்கொண்டது தவறு, அவர்கள் பத்தொன்பது வருடமாகக் கணவன் மனைவி."

இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். இந்த மனிதர் என் பேச்சை ஒரு நாளும் காதில் வாங்கியதில்லை என்று இத்தனை வருடமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். நாற்பது வரிசை எண்கள் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டன. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.