திரௌபதி அக்காவின் தையல் மிஷின்

நுணலும் தன் வாயால் கெடும் என்பது கனிமொழிக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் சந்தையில் கத்திரிக்காய் வாங்கினால்கூட "எல்லாம் சொத்த" என்று முகம் சுளித்துவிட்டுத்தான் பையை நீட்டுவாள். பிடித்திருக்கிறது என்று காட்டிக்கொண்டால் விலை ஏறிவிடுமாம். அதைப் பெரிய சாமர்த்தியம் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தாள்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில், சூளையிலிருந்து வரும் பொம்மைகளைத் தட்டிப் பார்த்துக் கீறல் விட்டதை ஒதுக்குவது அவள் வேலை. அந்தத் தூசியில் இருமல் நிற்கவே இல்லை. சொந்தமாக ஒரு தையல் மிஷின் இருந்தால் வீட்டோடு பிழைத்துக்கொள்ளலாம். தையல் கற்று முடித்துவிட்டாள், மிஷின்தான் பாக்கி. கடையில் இருந்த புதுசு பளபளவென்றுதான் இருந்தது. மிதித்துப் பார்த்தால் தகர டப்பா மாதிரி அதிர்ந்தது.

அடுத்த தெரு திரௌபதி அக்காவிடம் பழசு ஒன்று விலைக்கு இருந்தது. அந்தப் பக்கத்துப் பெண்களில் பாதிப் பேரின் ரவிக்கை அதில் தைத்ததுதான். கண்ணில் புரை விழுந்து அக்காவால் இப்போதெல்லாம் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

கனிமொழி ஒரு வெள்ளைத் துண்டுத் துணியை வைத்து மிதித்துப் பார்த்தாள். அடேயப்பா, என்ன ஓட்டம்! நல்ல இரும்புக் கனம், ஆட்டமில்லை, சத்தமில்லை. தையல், நூல் பிடித்தாற்போல் நேராக இறங்கியது. இதுதான் என் மிஷின் என்று மனசு அங்கேயே முடிவுகட்டிவிட்டது. வாய்தான் சும்மா இருக்கவில்லை.

"என்னாக்கா, தையலு கோணலா போவுது?"

"கோணலாவா?" என்று திரௌபதி துணிக்குக் கையை நீட்டினாள். கனிமொழி அதற்குள் அதைப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

"ஆமாங்க்கா. ரொம்ப நாளாவே இப்படித்தான் போலருக்குது. வூட்ல கேட்டுட்டு வந்து சொல்றேன்."

விலை இறங்கிவிடும் என்ற சந்தோஷத்தில் கனிமொழி வீட்டுக்கு வந்தாள். பாவி, அக்காவின் முகத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்திருக்கலாம்.

சம்பளம் வந்ததும் புருஷன் பிரபாகரனையும் ஒரு மினி வண்டியையும் கூட்டிக்கொண்டு போனாள். மிஷின் இருந்த இடம் காலியாக இருந்தது.

"பழைய இரும்புக்குப் போட்டுட்டேம்மா," என்றாள் திரௌபதி. "உங்க கம்பெனியில கீறல் வுட்ட பொம்மைய என்ன பண்ணுவீங்க? ஒடச்சிடுவீங்க இல்ல? கொறைன்னு தெரிஞ்சும் அத இன்னொருத்தி தலையில கட்டலாமா?"

கனிமொழியும் பிரபாகரனும் இரும்புக் கடைக்கு ஓடினார்கள். கடைக்காரர் சம்மட்டியால் அடித்து மிஷினை இரண்டாக்கிப் போட்டிருந்தார். அவள் அந்த உடைசலைத் தொட்டாள். விரலில் எண்ணெய் ஒட்டியது. எடைக்குப் போடுவதற்கு முன்னும் அக்கா துடைத்து எண்ணெய் விட்டிருக்கிறாள்.

நேரே திரௌபதியிடம் திரும்பி வந்தாள். "அக்கா, நான் பொய்யி சொன்னேன்க்கா. வெலையக் கொறைக்கத்தான் சொன்னேன். அதுல ஒரு கொறையும் இல்ல." பையிலிருந்த வெள்ளைத் துணியை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

திரௌபதி தையலின்மேல் விரலை ஓட்டினாள். "நேராத்தாம்மா இருக்குது. உன் கை நேரான கை, அதான். எம்மனசு நோவக்கூடாதுன்னு இப்ப மாத்திச் சொல்ற. இத்தினி வருஷமா கோணலாவே தெச்சுக் குடுத்திருக்கேன், ஒருத்தியும் மூஞ்சிக்கு நேரா சொல்லல. நீ ஒருத்திதான் சொன்ன. நல்லாயிரு."

திட்டியிருந்தாலாவது தேவலை. எத்தனை சத்தியம் செய்தும் அக்கா நம்பவில்லை. அவள் கைத்தொழிலின்மேல் அவளுக்கிருந்த நம்பிக்கையை ஒரே சொல்லில் பிடுங்கியாகிவிட்டது. அதை எங்கே போய் வாங்கித் தருவது?

வேறு வழியில்லாமல் கடையிலிருந்த புதுசையே வாங்கினாள். மிஷின் வந்து இறங்கிய அன்றைக்கே திரௌபதி ஒரு ரவிக்கைத் துணியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மொதத் துணி என்னுதா இருக்கட்டும்மா. நீ உள்ளத உள்ளபடி சொல்றவ."

கனிமொழி மிதித்தாள். கண்ணில் நீர் முட்டி ஊசியே தெரியவில்லை. தையல் விளிம்பை விட்டு ஒதுங்கி ஓடியது.

"நேரா போவுதாம்மா?" என்று கேட்டாள் திரௌபதி.

"போவுதுக்கா," என்றாள் கனிமொழி.